மறுமலர்ச்சிக் கால அலங்கார அச்சுகளில் பறவைகளும் சிறகுள்ள குழந்தைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

15, 16ஆம் நூற்றாண்டுகளில் இத்தாலியிலும் ஜெர்மனியிலும் பிரான்சிலும் அச்சான அலங்காரத் தாள்களை முதன்முதலாகப் பார்ப்பவர்களுக்குத் தலை சுற்றும். கொடிக்குள் ஓர் ஆந்தை, பூச்சாடியின் இரண்டு பக்கமும் நாரை, மண்டையோட்டைத் தலையணையாக வைத்துத் தூங்கும் குழந்தை. ‘இதற்கெல்லாம் என்ன அர்த்தம்?’ என்று கேட்கத் தோன்றுவது இயல்பு. சில இடங்களில் அர்த்தம் ஆழமாக இருக்கிறது, சில இடங்களில் வெறும் அழகு. இரண்டையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்பதை ஒட்டியே கீழே உள்ள பதில்கள் போகின்றன.

அலங்கார அச்சு என்றால் எது? புத்தகத்தில் வரும் படமா?

புத்தகத்திலும் வரும், தனித் தாளாகவும் விற்கும். கதை சொல்லும் படமோ வழிபடுவதற்கான படமோ இல்லை. கொடி, இலை, பூச்சாடி, முகமூடி, பறவை, குழந்தை என்று ஓர் இடத்தை நிரப்பும் வடிவங்கள்தான். வாசலில் போடுவதற்குக் கோலப் புத்தகம் வாங்கி வைத்துக்கொள்கிறோம் இல்லையா, அதே வேலைதான் இதற்கும். பொற்கொல்லர், தச்சர், மண்பாண்டத்தில் வண்ணம் தீட்டுபவர், சுவரோவியர் எல்லாரும் இந்தத் தாள்களை வாங்கிப் பட்டறையில் வைத்துக்கொண்டார்கள். ஜெர்மனியில் ஸோஸ்ட் நகரத்தில் இருந்த ஹைன்ரிஷ் ஆல்டெக்ரேவர் குத்துவாள் உறைக்கென்றே அச்சுகள் போட்டார். அவர் செதுக்கிய ஏறக்குறைய 300 தகடுகளில் சுமார் 100 அலங்காரத்துக்கானவை.

செப்புத் தகட்டில் செதுக்குளியால் கோடு கோடாக வெட்டுவார்கள். அந்தக் கோடுகளுக்குள் மையைத் தேய்த்து ஏற்றி, மேலே ஒட்டியதைத் துடைத்துவிட்டு, ஈரத்தாளை வைத்து உருளைக்கு நடுவே அழுத்தி எடுப்பார்கள். நகைக்கு வேலைப்பாடு செய்யும் அதே உளி, அதே கைப்பழக்கம். கோல்மார் நகரத்து மார்ட்டின் ஷோன்கௌவர் பொற்கொல்லர் மகன், ஆல்பிரெக்ட் டியூரரும் அப்படியே. ஆக்ஸ்பர்க்கில் டேனியல் ஹோப்ஃபர் என்பவர் போர்க்கவசத்தில் அமிலத்தால் சித்திரம் அரிக்கும் வேலை பார்த்தவர். அதே உத்தியை இரும்புத் தகட்டில் செய்து தாளில் அச்சடித்துப் பார்த்தார். அமில அரிப்பு அச்சு ஐரோப்பாவில் இப்படித்தான் நடைமுறைக்கு வந்தது.

அந்தக் குழந்தைகள் யார்? கேருபீன்களா, காதல் தேவனா, தேவதூதர்களா?

தமிழ் விவிலியம் படித்தவர்களுக்குக் கேருபீன் தெரியும். ஏதேன் தோட்டத்து வாசலில் சுடரொளி வாளோடு காவலுக்கு நிறுத்தப்பட்டவை. எசேக்கியேல் பார்த்த கேருபீனுக்கு நான்கு முகம், நான்கு சிறகு. கன்னம் புடைத்த குழந்தைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. தேவதூதர்களை ஒன்பது வரிசையாகப் பிரித்த பழைய இறையியல் மரபில் சேராபீன்கள் முதலிடம், கேருபீன்கள் இரண்டாமிடம். ஓவியர்கள் சேராபீனைச் சிவப்பாகவும் கேருபீனை நீலமாகவும் தீட்டினார்கள். உடம்பே இல்லாமல் முகமும் சிறகும் மட்டும் இருக்கும் குழந்தைத் தலையைப் பார்த்தால் அதைக் கேருபீன் என்று சொல்வதில் தவறில்லை.

முழு உடம்போடு, ஆடையில்லாமல், திராட்சைக் கொடியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டும் ஆட்டின் மேல் ஏறிச் சவாரி செய்துகொண்டும் இருப்பவர்கள் வேறு வம்சம். இத்தாலியில் இவர்களுக்குப் புட்டோ என்று பெயர். ரோமானியரின் கல் சவப்பெட்டிகளில் வரிசை வரிசையாகச் செதுக்கப்பட்டிருந்த காதல் தேவனின் குட்டிகள் இவர்கள். நடுக்காலத்தில் அவ்வளவாகத் தலைகாட்டாமல் இருந்தவர்களைத் திரும்ப மேடையேற்றியவர் ஃபுளோரன்ஸ் சிற்பி டொனாட்டெல்லோ. 1429ல் சியென்னா ஞானஸ்நானத் தொட்டியில் வெண்கலப் புட்டோக்களை நிறுத்தினார். பிறகு 1430களில் ஃபுளோரன்ஸ் பேராலயத்துப் பாடகர் மேடையில் ஒரு கூட்டத்தையே ஓட விட்டார். அன்றைய ஆவணங்களில் இவர்கள் பெயர் ஸ்பிரிட்டெல்லி, அதாவது குட்டி ஆவிகள். காதல், போதை, திடுக்கிடல், கனவு என்று மனத்தில் சட்டென்று வந்து போகும் எதையும் கிளப்பிவிடும் சின்னச் சக்திகள். அச்சுகளில் இவர்கள் செய்யும் சேட்டையைப் புரிந்துகொள்ள இந்தப் பழைய பெயர்தான் உதவும்.

டியூரர் ஏறக்குறைய 1498ல் செதுக்கிய ஓர் அச்சில் ஒரு மனிதர் கணப்படுப்புப் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருக்கிறார். பேய் ஒன்று துருத்தியால் அவர் காதில் ஊதுகிறது. எதிரே காதல் தேவி வீனஸ். கீழே ஒரு புட்டோ பொய்க்கால் கட்டைகளில் ஏறப் பார்க்கிறது. சோம்பேறித் தூக்கத்தில் எழும் ஆசை, நிற்கத் தெரியாமல் எழுந்து நிற்கப் பார்க்கிறது. அலங்காரத் தாள் இல்லைதான், ஆனால் அலங்காரத்தில் வரும் குழந்தைகளின் குணம் இங்கே தெளிவாகத் தெரிகிறது.

ஆகவே சிறகுள்ள எல்லாக் குழந்தையையும் கேருபீன் என்று எழுதிவிட வேண்டாம். அருங்காட்சியகக் குறிப்புகளே சில நேரம் அப்படி எழுதுகின்றன, என்ன செய்ய.

பறவையும் குழந்தையும் ஏன் எப்போதும் சேர்ந்தே வருகின்றன?

பழைய ரோமானிய அலங்காரத்திலேயே இரண்டும் சேர்ந்துதான் இருந்தன. ரோமில் சாந்தா கொஸ்தான்ஸா என்று ஒரு வட்டக் கோயில் இருக்கிறது. 4ஆம் நூற்றாண்டில் கான்ஸ்டன்டைன் பேரரசரின் மகளுக்காகக் கட்டிய கல்லறை. அதன் வளைவுக் கூரை மொசைக்கில் ஓரிடத்தில் குழந்தைகள் திராட்சை பறித்து, வண்டியில் ஏற்றி, தொட்டியில் போட்டு மிதிக்கிறார்கள். இன்னோரிடத்தில் கிளைகளும் கிண்ணங்களும் விதவிதமான பறவைகளும் சிதறிக் கிடக்கின்றன. அங்கே இருந்த சிவப்புக் கற்பாறைச் சவப்பெட்டியிலும் திராட்சைக் குழந்தைகளும் மயில்களும் உண்டு; அது இப்போது வத்திக்கான் அருங்காட்சியகத்தில். மறுமலர்ச்சிக் காலத்தவர் இதைக் கல்லறை என்று நினைக்கவில்லை. மதுக் கடவுளான பாக்கஸின் கோயில் என்றே நம்பி ‘பாக்கஸ் கோயில்’ என்று அழைத்தார்கள், போய் வரைந்துகொண்டும் வந்தார்கள்.

அப்புறம் ரோமானியப் பேரரசர் நீரோவின் அரண்மனை. கி.பி. 64 தீ விபத்துக்குப் பிறகு கட்டிய ‘பொன் மாளிகை’ பின்னால் மண் நிரப்பி மூடப்பட்டு, மேலே டிராஜனின் குளியல் மண்டபம் எழுந்தது. 1480 வாக்கில் ஓவியர்கள் மேலே துளைகள் வழியாக உள்ளே இறங்கினார்கள். அறைகள் மண்ணால் நிறைந்திருந்ததால் கூரைக்கு மிக அருகில் தவழ்ந்துபோய்த் தீவட்டி வெளிச்சத்தில் பார்க்க முடிந்தது. மெல்லிய தண்டின் மேல் பறவை, பறவையின் மேல் கிண்ணம், கிண்ணத்திலிருந்து எழும் பாதிக் குழந்தை பாதி இலை. குகை (இத்தாலியத்தில் குரோட்டா) போன்ற இடத்தில் கிடைத்ததால் இந்தப் பாணிக்கு குரோட்டெஸ்க் என்று பெயர் வந்தது. போனவர்கள் சுவரில் பெயர் கிறுக்கியும் வைத்தார்கள். அச்சுக் கலைஞர் நிக்கொலெட்டோ டா மொடெனா 1507 என்று வருடம் போட்டுக் கீறிய பெயர் அங்கே இருக்கிறது. அதே காலத்தில் அவர் வெளியிட்ட குரோட்டெஸ்க் தாள்கள் ரோமுக்கே போகாத கைவினைஞர்களிடமும் அந்தச் சுவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தன.

ஓவியர் ரஃபேலின் குழுவில் பறவை வரைவதற்கென்றே ஒருவர் இருந்தார்: ஜொவான்னி டா ஊடினே. அவர் வைத்திருந்த பறவை, விலங்குச் சித்திரப் புத்தகத்தைப் புரட்டுவது ரஃபேலுக்குப் பொழுதுபோக்கு என்கிறார், கலைஞர்களின் வரலாற்றை எழுதிய வசாரி. வத்திக்கான் லொஜ்ஜியா தாழ்வாரத்தில் 1517 முதல் 1519 வரை நடந்த வேலையில் அந்தக் கை தெரிகிறது.

ஒவ்வொரு பறவைக்கும் ஓர் அர்த்தம் என்று பட்டியல் தர முடியுமா?

தரலாம், ஆனால் அதை வைத்துக்கொண்டு படத்தைப் படிக்கப் போனால் தவறாகத்தான் படிப்போம். ஒரே பறவைக்கு மூன்று பரம்பரையிலிருந்து அர்த்தம் வருகிறது. ஒன்று, நடுக்கால விலங்கு நூல்களின் கிறிஸ்தவ விளக்கம். இரண்டு, கிரேக்க ரோமானியப் புராணம். மூன்று, எகிப்திய எழுத்து என்று அன்றைக்கு நம்பிய குறியீடுகள். இவற்றில் எது பேசுகிறது என்பதைப் பக்கத்தில் இருப்பவைதான் சொல்லும்.

நான் பார்க்கும் முறை இது. இரண்டு பறவைகள் கண்ணாடிப் பிம்பம்போல எதிரெதிரே நின்றால், நடுத்தண்டுக்கு இருபுறமும் இடம் நிரப்ப வைத்தவை என்று முதலில் எடுத்துக்கொள்ளலாம். பறவை ஒற்றையாக நின்று ஏதாவது செய்தால், அதாவது மார்பைக் கொத்தினால், கல்லைத் தூக்கினால், தீயில் நின்றால், அங்கே நிறுத்திப் பார்க்க வேண்டும். எழுத்துப் பட்டை ஏதாவது கூட இருந்தால் சந்தேகமே இல்லை. இதற்கு விலக்கும் உண்டு: கிண்ணத்தில் நீர் குடிக்கும் ஜோடி மயில் பழைய கிறிஸ்தவக் கல்லறைகளிலிருந்து அர்த்தத்தோடேயே வந்த ஜோடி.

மயில் எதைக் குறிக்கிறது?

சாகாமையை. மயில் இறைச்சி அழுகாது என்று ஒரு பழைய நம்பிக்கை. புனித அகுஸ்தீன் இதைச் சோதித்தே பார்த்தார். கார்த்தேஜ் நகரத்தில் சமைத்த மயில் பரிமாறினார்கள். நெஞ்சுக்கறியில் ஒரு துண்டை எடுத்து வைக்கச் சொன்னார். முப்பது நாளுக்கு மேல் ஆகியும் நாற்றமில்லை, ஒரு வருடம் கழித்தும் கொஞ்சம் காய்ந்து சுருங்கியதோடு சரி என்று எழுதி வைத்திருக்கிறார். ஆப்பிரிக்க வெயிலில் உலர்ந்த கறி என்று நமக்குத் தோன்றலாம். அந்தக் காலத்துக்கு அது உயிர்த்தெழுதலுக்குச் சான்று.

புராண வழியில் மயில் ஜூனோ தேவியின் பறவை. நூறு கண் ஆர்கஸ் இறந்தபின் அவன் கண்களை அவள் தோகையில் பதித்தாள். இன்னொரு வழியில் அது தற்பெருமை. புட்டோ தேரை மயில்கள் இழுத்தால் ஜூனோ. கல்லறைத் தூண் அலங்காரத்தில் இருந்தால் சாகாமை. கண்ணாடி பார்க்கும் பெண் பக்கத்தில் நின்றால் தற்பெருமை. மயில் இந்தியாவிலிருந்து போன பறவை என்பதால் அங்கே அதன்மேல் எப்போதும் ஓர் அயல்நாட்டுப் பளபளப்பும் இருந்தது.

ஆந்தை அறிவா, அபசகுனமா?

இரண்டும்தான், அதனால்தான் இதில் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். ஷோன்கௌவரின் ஓர் அலங்கார அச்சைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். முள் இலைபோல விளிம்பு கிழிந்த ஒரு கொடி அகலவாக்கில் சுருண்டு ஓடுகிறது. அதற்குள் ஆந்தை. சுற்றிலும் சிறு பகற்பறவைகள் அதை மொய்த்துக் கேலி செய்கின்றன. இலையின் முறுக்குக்குள்ளேயே பறவைகள் செருகி நிற்பதால் எது அலகு, எது இலை நுனி என்று கண் தேட வேண்டியிருக்கும். உளிக் கோடுகள் இலையின் வளைவுக்கு ஏற்ப வளைகின்றன, இறகில் மட்டும் சின்னச் சின்னக் கீறல்களாக உடைகின்றன.

பகலில் கூகையைக் காக்கை வெல்லும் என்பது நமக்கும் தெரிந்த சங்கதி. ஐரோப்பியப் பறவை பிடிப்பவர்கள் இதைத் தொழிலாகவே பயன்படுத்தினார்கள். ஆந்தையைக் கட்டிவைத்து, அதைத் தாக்க வரும் சிறு பறவைகளைப் பசை தடவிய குச்சியில் பிடிப்பார்கள். ஆகவே பார்ப்பவருக்கு இது முதலில் கண்ணால் கண்ட காட்சி. அதன்மேல் நடுக்கால விளக்கங்கள் ஏறின. ஒளியை வெறுத்து இருளில் வாழ்வதால் ஆந்தை பாவி என்றார்கள். யூதர்களை இழிவுபடுத்தவும் இதே உருவத்தைப் பயன்படுத்தினார்கள். அதை மறைத்துச் சொல்வதில் அர்த்தமில்லை. நேர்மாறாக, தாக்கப்படும் ஆந்தையைப் பரிகசிக்கப்பட்ட கிறிஸ்துவாகவும் சிலர் பார்த்தார்கள்.

மினர்வா தேவியின் அறிவுப் பறவையாக ஆந்தை வருவது பழைய கிரேக்க, லத்தீன் நூல்களில் தோய்ந்த அறிஞர்களின் வட்டத்தில். கூடவே கேடயம், ஈட்டி, புத்தகம் ஏதாவது இருக்கும். ரைன் நதிப் பகுதிப் பட்டறையில் 1480 வாக்கில் செதுக்கிய ஆந்தைக்கு இந்த அர்த்தத்தைக் கொடுப்பது பொருந்தாது என்பது என் எண்ணம்.

கிளி?

ஷோன்கௌவரின் இன்னோர் அலங்கார அச்சில் கிளியும் வேறு பறவைகளும் வருகின்றன. ரோமானிய எழுத்தாளர் பிளினி, கிளியை இந்தியா அனுப்புகிறது என்று எழுதினார்; உடம்பெல்லாம் பச்சை, கழுத்தில் சிவப்பு வளையம் என்று அடையாளமும் சொன்னார். நம் ஊர்ப் பச்சைக்கிளியேதான். அது இயல்பாகவே ‘ஆவே’ என்று வணக்கம் சொல்லும் என்பது ஐரோப்பிய நம்பிக்கை. மரியாளுக்குத் தேவதூதர் சொன்ன முதல் சொல்லும் ‘ஆவே’ என்பதால் கிளி கன்னி மரியாளோடு சேர்ந்துகொண்டது. டியூரர் 1504ல் செதுக்கிய ஆதாம் ஏவாள் அச்சில், தன் பெயர்ப்பலகை தொங்கும் கிளையிலேயே கிளியை உட்கார வைத்தார். ஏவாள் பாவத்தில் விழும் நேரத்தில், அதைச் சரிசெய்யப் போகும் மரியாளின் பறவை மேலே அமைதியாக இருக்கிறது.

அச்சகங்களின் முத்திரைகளிலும் பறவைகள் இருக்கின்றனவே?

இங்கே அர்த்தம் தேடுவது பாதுகாப்பானது, ஏனென்றால் அச்சக உரிமையாளரே யோசித்துத் தேர்ந்தெடுத்தது. பாசெல் நகரத்து யோஹான் ஃபுரோபனின் முத்திரையில் இரண்டு பாம்புகள் சுற்றிய கோல், உச்சியில் புறா. ‘பாம்பைப்போல விவேகமும் புறாவைப்போலக் கபடின்மையும்’ என்ற மத்தேயு நற்செய்தி வரிதான். ஃபுரோபன் நூல்களின் முகப்புப் பக்கச் சட்டகங்களில் ஹான்ஸ் ஹோல்பைன் வரைந்த புட்டோக்கள் குதித்து விளையாடுகிறார்கள்; அவர்கள் நடுவே இந்தப் புறா மட்டும் காரியத்தோடு உட்கார்ந்திருக்கும்.

வெனிசில் ஜொலித்தோ அச்சகத்தின் சின்னம் தீயிலிருந்து எழும் ஃபீனிக்ஸ். ‘என் சாவிலிருந்தே அழியா வாழ்வு வாழ்கிறேன்’ என்று இத்தாலியத்தில் வரியும் உண்டு. புத்தகத்துக்கு இதைவிடப் பொருத்தமான பறவை கிடைக்காது. பெலிக்கன், அதாவது நம் கூழைக்கடா, தன் மார்பைக் கொத்தி ரத்தத்தால் குஞ்சுகளை உயிர்ப்பிக்கும் என்ற பழங்கதையால் கிறிஸ்துவின் தியாகத்துக்கு அடையாளமானது. படங்களில் அது கூழைக்கடா மாதிரியே இருக்காது. அலகுப் பை இல்லாமல் ஏதோ கழுகுபோல இருக்கும். வரைந்தவர்களில் பலர் பறவையையே பார்த்திராதவர்கள்.

எகிப்திய எழுத்து என்றீர்களே, அது எப்படி இதில் வந்தது?

1419ல் ஆண்ட்ரோஸ் தீவில் ஒரு கிரேக்கக் கையெழுத்துப் பிரதி கிடைத்தது. ஹோராப்போல்லோ என்பவர் எகிப்தியச் சித்திர எழுத்துகளுக்குப் பொருள் சொன்ன நூல். 1505ல் வெனிசில் அச்சக உரிமையாளர் ஆல்டஸ் அதை அச்சிட்டார். பெரும்பகுதி கற்பனை. ஆனாலும் ஒவ்வொரு மிருகமும் பறவையும் ஒரு சொல், அவற்றை வரிசையாக வைத்தால் வாக்கியம் என்ற எண்ணம் அறிஞர்களைப் பிடித்துக்கொண்டது. அதில் கழுகு என்றால் ‘தாய்’. விநோதம் என்னவென்றால், உண்மையான எகிப்திய எழுத்திலும் பிணந்தின்னிக் கழுகின் உருவம் தாயைக் குறிக்கும் சொல்லை எழுதப் பயன்பட்டது.

புனித ரோமானியப் பேரரசர் மாக்ஸிமிலியனுக்காக டியூரரும் கூட்டாளிகளும் தாளில் அச்சிட்டுச் செய்த வெற்றி வளைவு இதன் உச்சம். 1515 என்று வருடம் போட்டது. 195 மரக்கட்டைகளில் செதுக்கி, 36 தாள்களில் அச்சடித்து ஒட்டினால் கிட்டத்தட்ட மூன்றரை மீட்டர் உயரம். உச்சிக் கூடாரத்தில் பேரரசர் உட்கார்ந்திருக்க, சுற்றிலும் விலங்குகளும் பறவைகளும். ஒரு காலைத் தூக்கி நிற்கும் பெருங்கொக்கு விழிப்புக்கு. காவல் நிற்கும் கொக்கு காலில் கல்லைப் பிடித்திருக்கும், தூங்கினால் கல் விழுந்து எழுப்பிவிடும் என்பது பிளினி காலத்துக் கதை. சேவல் பிரான்ஸ் மன்னரைக் குறிக்கிறது, தோற்றவராக. இங்கே ஒவ்வொரு பறவையும் உண்மையிலேயே ஒரு சொல். வளைவின் தூண்களில் பரவிக் கிடக்கும் மற்றப் பறவைகளுக்கும் இதே கண்ணோடு அர்த்தம் தேடினால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

மண்டையோட்டோடு இருக்கும் குழந்தை பயமுறுத்துகிறது. அது யார்?

1458ல் வெனிஸ்காரர் ஜொவான்னி போல்து தனக்கே ஒரு பதக்கம் செய்துகொண்டார். பின்பக்கத்தில் ஓர் இளைஞன் தலையைக் கையில் புதைத்து உட்கார்ந்திருக்கிறான். சிறகுள்ள குழந்தை ஒன்று மண்டையோட்டின்மேல் சாய்ந்து கிடக்கிறது. ‘நானே முடிவு’ என்று எழுத்து. அந்தக் குழந்தை பலவிதமாகப் பெருகியது. நூரெம்பர்க்கின் பார்த்தெல் பேஹாம் செதுக்கிய அச்சில் ஒரு குழந்தை நான்கு மண்டையோடுகளுக்கு நடுவே நன்றாகத் தூங்குகிறது. மேலே ‘சாவு எல்லாரையும் சமமாக்கும்’ என்று லத்தீனில். அவரும் அவர் அண்ணன் செபால்டும் கியோர்க் பென்ட்ஸும் 1525ல் கடவுள் நம்பிக்கையற்றவர்கள் என்று விசாரிக்கப்பட்டு அந்த நகரத்தைவிட்டே வெளியேற்றப்பட்டவர்கள். சமமாக்குவது பற்றிய அந்த வரியை இதையும் நினைவில் வைத்துக்கொண்டு படிக்கலாம்.

1594ல் நெதர்லாந்தில் ஹென்ட்ரிக் கோல்ட்சியஸ் வெளியிட்ட அச்சில் புட்டோ மண்டையோட்டில் கை ஊன்றி சோப்புக் குமிழி ஊதுகிறது. ‘யார் தப்புவார்?’ என்று கேள்வி. பிறந்த குழந்தையையும் இறந்தவர் தலையையும் பக்கத்தில் வைத்தாகிவிட்டது. இடையில் உள்ள வாழ்க்கைக்குக் குமிழி. இதில் பயத்தைவிட கிண்டல்தான் அதிகம் என்று எனக்குப் படுகிறது.

சில குழந்தைகள் சிறுநீர் கழிக்கின்றன, பின்புறம் காட்டுகின்றன. இதற்கும் குறியீடா?

இல்லை. சிரிப்பதற்கு. கல்யாணப் பரிசுப் பொருள்களில் வந்தால் மட்டும் பிள்ளைப்பேற்று வாழ்த்து என்று எடுத்துக்கொள்ளலாம்.

திருச்சபை இதையெல்லாம் ஏற்றுக்கொண்டதா?

ரோம் தாழ்வாரங்களில் குரோட்டெஸ்க் அலங்காரத்தைக் கர்தினால்களே ஆசையாகப் போடச் சொன்னார்கள். ஆனால் எதிர்ப்பு பழசு. ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸே, இல்லாததையும் இருக்க முடியாததையும் சுவரில் தீட்டுகிறார்கள் என்று அலுத்துக்கொண்டவர். வசாரிக்கு இது கட்டுப்பாடில்லாத, நகைப்புக்குரிய ஓவிய வகை; இருந்தாலும் ரசித்தார். 1563ல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து சங்கம் முடிந்தபின் பிடி இறுகியது. பொலோஞ்ஞாவின் கர்தினால் பாலெயொத்தி 1582ல் எழுதிய நூலில் இந்தப் பாணி நிலத்தடிப் பேய் வழிபாட்டிலிருந்து வந்தது, ஆலயத்துக்கு ஆகாது என்றார். கட்டடக் கலைஞரும் பழம்பொருள் ஆய்வாளருமான பிர்ரோ லிகோரியோ இதற்கு நேரெதிர்க் கட்சி. பழங்காலத்தவர் வேடிக்கைக்காக வரையவில்லை, ஒவ்வொன்றும் மறைபொருள் கொண்டது என்று வாதாடினார்.

அப்படிப் பார்த்தால், ‘அர்த்தம் உண்டா இல்லையா’ என்று இன்றைக்கு நாம் கேட்பதை அன்றைக்கே படித்தவர்கள் அடித்துக்கொண்டு கேட்டிருக்கிறார்கள். அர்த்தம் உண்டு என்று சொன்னவர்களில் சிலர் இந்தப் பாணியைக் காப்பாற்றுவதற்காகவே அப்படிச் சொன்னார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும்.

ஒரே பறவை வேறு வேறு கலைஞர்களின் தாள்களில் வருகிறதே?

காப்பி அடிப்பது தொழிலின் பகுதி. போகோல்ட் நகரத்துப் பொற்கொல்லர் இஸ்ரஹேல் வான் மெக்கெனெம் 600க்கும் மேற்பட்ட அச்சுகள் போட்டவர். பெரும்பாலானவை பிறரைப் பார்த்துச் செய்தவை. வெட்கமே படாமல் தன் பெயரையும் பொறித்தார். அதற்கும் முன்னால், 1430, 40களில் ரைன் பகுதியில் ஒரு பெயர் தெரியாத கலைஞர் சீட்டுக்கட்டு அச்சிட்டார். அதில் ஓர் இனம் முழுக்கப் பறவைகள். 1452-53ல் எழுதிய மைன்ஸ் பெரிய பைபிளின் பக்க ஓரங்களில் அந்தச் சீட்டுகளில் உள்ள உருவங்கள் திரும்ப வருகின்றன. சூதாட்டச் சீட்டிலிருந்து வேதப் புத்தகத்துக்கு! பறவையின் அர்த்தம் அதனோடு ஒட்டிக்கொண்டே போகாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை.

மூலமா காப்பியா என்று கண்டுபிடிக்க ஒரு சின்ன வழி: அச்சைப் பார்த்து அப்படியே தகட்டில் செதுக்கினால், அடிக்கும்போது இடம் வலமாக மாறிவிடும். புட்டோக்கள் எல்லாம் இடக்கையால் வாள் பிடித்து, இடக்கையால் எக்காளம் தூக்கினால் உஷாராகலாம்.

இந்தியாவுக்கு இந்த அச்சுகள் வந்தனவா?

வந்தன. 1580ல் ஃபத்தேபூர் சிக்ரிக்கு வந்த இயேசு சபையினர், ஆண்ட்வெர்ப்பில் பிளாந்தின் அச்சிட்ட பன்மொழி பைபிளை அக்பருக்குக் கொடுத்தார்கள். தனி அச்சுகளும் வந்து சேர்ந்தன. அரசவை ஓவியர் அபுல் ஹசன் 1600 வாக்கில் டியூரரின் ஓர் உருவத்தைப் பார்த்து வரைந்தது இன்று ஆக்ஸ்ஃபோர்டில் இருக்கிறது. சில ஆண்டுகளில் புட்டோக்கள் முகலாய ஓவியத்துக்குள் குடியேறிவிட்டார்கள். பிச்சித்ர் வரைந்த ஜஹாங்கீர் படத்தில், அவர் அமர்ந்திருக்கும் மணற்கடிகாரத்தில் இரண்டு குழந்தைகள் ஆயிரமாண்டு ஆள வேண்டும் என்று பாரசீகத்தில் எழுதுகிறார்கள்.

பறவையும் குழந்தையும் சேர்ந்து வரும் படம் வேண்டுமென்றால் அபுல் ஹசன் ஏறக்குறைய 1616ல் வரைந்ததைப் பார்க்க வேண்டும். உலக உருண்டையின் மேல் நின்று ஜஹாங்கீர் தன் எதிரியான தக்காணத்துத் தளபதி மாலிக் அம்பரின் வெட்டிய தலையை நோக்கி அம்பு விடுகிறார். நிஜத்தில் அம்பர் பிடிபடவே இல்லை. மேலே சிறகுள்ள குழந்தைகள் ஆயுதம் எடுத்துக் கொடுக்கிறார்கள். அந்தத் தலையின்மேல் ஓர் ஆந்தை உட்கார்ந்திருக்கிறது. குழந்தைகள் ஐரோப்பாவிலிருந்து வந்தவர்கள், ஆந்தைக்கு இங்கே யாரும் விளக்கம் சொல்லத் தேவைப்படவில்லை.

எங்கே பார்க்கலாம்? வீட்டில் பிரிண்ட் போட்டு மாட்டலாமா?

லண்டன் பிரிட்டிஷ் மியூசியம், நியூயார்க் மெட்ரோபாலிட்டன், ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ்மியூசியம் மூன்றின் இணையதளங்களிலும் நிறைய இருக்கின்றன. மெட்ரோபாலிட்டன் 2017 முதல் உரிமைக்காலம் முடிந்த படங்களைத் தடையில்லாமல் தருகிறது, ரைக்ஸ்மியூசியமும் அப்படியே. இந்த இரண்டும் அப்படித் தரும் படங்களை மாட்டலாம், விற்கவும் செய்யலாம். ஒன்று மட்டும்: பதிவிறக்கும்போது கீழே அளவு போட்டிருக்கும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். பேஹாம் சகோதரர்களின் தாள்கள் பல தீப்பெட்டியைவிடக் கொஞ்சம்தான் பெரியவை. போஸ்டர் அளவுக்கு ஊதினால் கோடுகள் கயிறுபோலத் தடித்துவிடும். அசல் அளவிலேயே எடுத்து, பக்கத்தில் ஒரு பூதக்கண்ணாடி வைத்துக்கொள்வதே நல்லது.